சீடியிலிருந்து பென்னுக்கு: ஓர் எளிய முறை

பதுளை மாவட்டத் தோட்ட வீடுகளில் படச் சீடிகள் மூன்று இடங்களில் காணப்படும்: அலுமாரியின் மேல்தட்டு, பிஸ்கட் டின், சாமிப் படத்தின் பின்புறம். அவற்றைப் போட்டுப் பார்க்கும் பிளேயர் எங்கும் காணப்படாது. அது பழுதுபார்க்கப் பண்டாரவளைக்குப் போனது. இன்னும் லயத்துக்குத் திரும்பவில்லை. புதிய டிவியில் சீடி நுழைய வழியில்லை. பென் டிரைவ் செருகும் ஓட்டை மட்டும் உண்டு. ஆகவே சீடியில் உள்ளதைப் பென்னுக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்கு மிக எளிய மென்பொருள் எது என்பதே கேள்வி.

மாற்றுபவர் யார் என்பது முதலில் தீர்மானிக்கப்படுகிறது. கொழும்பிலிருந்து விடுமுறைக்கு லெப்டொப்புடன் வந்து பதுளை நிலையத்தில் இறங்குபவரே அவர். அவர் படித்தது கணக்கியல் என்பதும், அந்த லெப்டொப்பின் பெட்டரி செத்து இரண்டு வருடமாகிறது என்பதும் கருத்தில் கொள்ளப்படுவதில்லை. சென்ற வாரம் அப்படி இறங்கிய ஒருவர் மூன்று இரவுகள் தூங்கவில்லை. இவ்விளக்கம் அந்த அனுபவத்தில் எழுந்தது.

அடுத்து, சீடியின் வகை அறியப்பட வேண்டும். முதல் வகை விசிடி. 1993இல் வகுக்கப்பட்ட இதில் ஒரு தட்டுக்கு 74 நிமிடப் படம் அடங்கும். ஆகவே இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படம் இரண்டிலும் அடங்காமல் மூன்றாவது தட்டுக்குப் போகும். அந்த மூன்றாவதைத் தோட்டத்தின் கீழ்க்கணக்கில் யாரோ ஒரு தீபாவளிக்கு இரவல் வாங்கிப் போயிருப்பார்கள். இதனால் பசறைப் பக்கம் பல வீடுகளில் வில்லன் இன்றும் உயிரோடு இருக்கிறான். விசிடிக்கு உள்ளே எம்பெக்ஏவி என்ற கோப்புறையில் டாட் என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். அதைக் கொப்பி எடுத்து, கடைசி மூன்றெழுத்தை எம்பிஜி என்று மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. மென்பொருளே தேவையில்லை. அதனாலேயே இந்த முறையை யாரும் நம்புவதில்லை.

இரண்டாம் வகை டிவிடி. 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஒற்றை அடுக்கில் 4.7 ஜிபி கொள்ளும். படம் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாத வொப் துண்டுகளாக வெட்டி வைக்கப்பட்டிருக்கும். கம்பெனி டிவிடிகளுக்கு சிஎஸ்எஸ் என்ற பூட்டு உண்டு. அதைத் திறக்கும் நிரலை 1999இல் வெளியிட்ட நோர்வே இளைஞர் யோன் யொஹான்சன் மீது வழக்குப் போடப்பட்டு, 2003இல் அவர் விடுதலையானார். இலங்கையில் புலமைச் சொத்துச் சட்டம், 36ஆம் இலக்கம், வந்ததும் அதே 2003இல்தான். பஸ் நிலையத்தடியில் வாங்கிய டிவிடிக்கோ பூட்டும் இல்லை, சாவியும் வேண்டியதில்லை. தியேட்டரில் முன்வரிசையில் எழுந்து நின்ற ஒருவரின் தலை மட்டும் அதில் இருக்கும். எந்த மென்பொருளில் மாற்றினாலும் அந்தத் தலை சேதமின்றி மாறும்.

மூன்றாம் வகை கல்யாண டிவிடி. இதற்குப் பூட்டில்லை, வழக்கில்லை. உறவு மட்டும் உண்டு. ஆகவே இதுவே ஆபத்தானது.

இனி மென்பொருள் தேடல். இங்கே ‘இலவசம்’ என்ற சொல்லை விளக்குவது அவசியம். தேடிக் கிடைப்பவை எல்லாம் இலவசம், எல்லாம் எளியவை, எல்லாம் ஒரே கிளிக். இறக்கும் பக்கத்தில் ஐந்து பச்சைப் பொத்தான்கள் இருக்கும். நான்கு வேறெதையோ இறக்கும், ஐந்தாவது அந்த நான்கையும் சேர்த்து இறக்கும். தப்பிப் பிழைத்து நிறுவினால், முதல் ஐந்து நிமிடத்தை மாற்றித் தந்துவிட்டு மீதிக்கு டொலர் கேட்கும். தோட்டத்துக்கு விளங்கும்படி சொன்னால் இது அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். நிர்ணயித்த கிலோ குறைந்தால், நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு அரைப்பேர் விழும்; மென்பொருளோ ஐந்து நிமிடம் வேலை செய்துவிட்டு முழுப்பேர் கேட்கிறது. வேறொரு வகை முழுவதையும் மாற்றும், ஆனால் கழிவு பிடிக்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, முத்தல் இலைக்கு ஒரு கழிவு. இங்கே சத்தத்துக்கு ஒரு கழிவு, தெளிவுக்கு ஒரு கழிவு, மேலதிகமாகத் திரையின் நடுவில் ஒரு முத்திரை. தாலி கட்டும் நேரத்தில், சரியாகப் பெண்ணின் கழுத்தில், ‘பதிவு செய்யப்படாதது’ என்று ஆங்கிலத்தில் தொங்கும். பதிவுகாரரை வீட்டுக்கே அழைத்து, இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்ட கல்யாணம் அது. பெண்ணின் தகப்பனார் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு விளக்கம் கேட்டால், லெப்டொப்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். தராசில் அநியாயம் நடந்தால் கணக்கப்பிள்ளையோடு சண்டை போடலாம், தலைவரிடம் சொல்லலாம், வேலைநிறுத்தம் செய்யலாம்; அதற்குத்தான் மாதாமாதம் சந்தா வெட்டப்படுகிறது. மென்பொருளுக்கு எதிராக எந்தச் சங்கமும் வாய் திறந்ததில்லை. ‘ஒரே கிளிக்’ என்ற சொல்லைக் கண்டுபிடித்தவரை ஆனி மாதக் காற்றில் கொழுந்து நிறுக்கும் வரிசையில் நிறுத்த வேண்டும் என்பது பரவலான கருத்து. குறைந்தது ஒருவருடைய கருத்து.

உண்மையான இலவசமும் உண்டு. ஹேண்ட்பிரேக் என்பதை 2003இல் எரிக் பெட்டி எழுதினார். முத்திரை இல்லை, அரைப்பேர் இல்லை. ஆனால் அது கேள்வி கேட்கும். அளவு என்ன, வடிகட்டி எது, நொடிக்கு எத்தனை சட்டகம், ஒலி எந்த வகை? சாமத்தியச் சடங்குக்கு நாள் குறிக்கும் சாத்திரியார்கூட இவ்வளவு கேட்பதில்லை.

எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பின் மாற்றம் தொடங்குகிறது. மீதமுள்ள நேரம் 40 நிமிடம் என்று காட்டும். அரைமணி கழித்துப் பார்த்தால் அதே 40 நிமிடம். இது பிழையல்ல. 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த ரயில் பாதையிலும் இம்முறை உண்டு: தெமோதரை நிலையத்தை விட்டுப் புறப்படும் ரயில் மலையைச் சுற்றிக்கொண்டு வந்து, அதே நிலையத்துக்கு அடியில் சுரங்கத்துக்குள் நுழையும். பயணி இறங்கிவிட முடியாது. இடையிடையே அடுப்படியிலிருந்து “என்னா தம்பி, முடிஞ்சிருச்சா?” என்று குரல் வரும்.

மின்சாரமும் கவனத்துக்குரியது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சரே சொன்னார். அன்று 92 வீதத்தில் நின்றுபோன கல்யாணங்களை யாரும் கணக்கெடுக்கவில்லை.

இறுதியில் கோப்பு கிடைக்கிறது. அது 4 ஜிபிக்கு மேற்பட்டால், பழைய முறையில் வடிவமைத்த பென் ஏற்காது. குறைவாயின் பென் ஏற்கும், டிவி ஏற்காது. டிவியும் ஏற்றால் படம் வரும், மேளச்சத்தம் வராது. மூன்றும் கூடி வரும்போது வீட்டார் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மாற்றி முடித்த சீடி வீணாவதில்லை. லயத்தின் பின்னால் போஞ்சிப் பாத்தியில் கயிறு கட்டித் தொங்கவிடப்படுகிறது. வெயில் பட்டு மின்னும்போது குரங்குகள் கிட்டே வராது என்பார்கள். பாணந்துறைக்கும் இரண்டு அனுப்பலாம்.