பன்னிரண்டு புள்ளிப் பண்டிகை

தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், வாழ்க்கையில் நேரும் மாற்றங்களுள் எது மனிதரை எவ்வளவு அலைக்கழிக்கும் என்பதை அளக்க, 1967ஆம் ஆண்டில் 43 நிகழ்வுகள் அடங்கிய புள்ளிப் பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். வாழ்க்கைத் துணையை இழப்பதற்கு 100 புள்ளி, திருமணத்திற்கு 50 புள்ளி என்று இறங்கிவரும் அப்பட்டியலில், கிறிஸ்துமஸ் 12 புள்ளியுடன் 42ஆம் இடத்தில் அமர்ந்திருக்கிறது. அதற்கும் கீழே, 11 புள்ளியுடன் இருப்பது சிறிய சட்டமீறல் மட்டுமே. அதாவது, சிவப்பு விளக்கைத் தாண்டிப் போக்குவரத்துக் காவலரிடம் அகப்படுவதைக் காட்டிலும் கிறிஸ்துமஸ் ஒரே ஒரு புள்ளிதான் கடினமானது. இந்த அளவுகோல், திருநெல்வேலிச் சீமையின் நாசரேத்திலோ பாளையங்கோட்டையிலோ, மூன்று மருமகள்மாரும் ஒரே ஓர் அடுக்களையும் உள்ள வீட்டில் வகுக்கப்பட்டதன்று என்பதை நிறுவ வேறு சான்று தேவையில்லை.

ஆயினும் அவ்வறிஞர்கள்மீது முழுப் பழியையும் சுமத்துவது முறையாகாது; ஏனெனில் கிறிஸ்துமஸின் உண்மையான புள்ளிகளை அவர்கள் அதே பட்டியலின் வேறு வரிகளில் பிரித்து வைத்திருக்கிறார்கள். கணவன் மனைவி வாக்குவாதங்களின் எண்ணிக்கை மாறினால் 35, புகுந்த வீட்டாருடன் பிணக்கு நேர்ந்தால் 29, கோயில் காரியங்களில் மாற்றம் ஏற்பட்டால் 19, சிறு கடன் வாங்கினால் 17, உறக்கம் மாறினால் 16, குடும்பம் கூடும் தடவைகள் மாறினால் 15, உணவுப் பழக்கம் மாறினால் 15 என்பவற்றைக் கூட்டினால் 146 வருகிறது. பண்டிகைக்கே உரிய 12ஐச் சேர்த்தால் 158. ஓராண்டுக்குள் 150ஐத் தாண்டுவோர் உடல்நலத்தில் கவனம் வைக்க வேண்டும் என்பது அப்பட்டியலைப் பயன்படுத்துவோர் கூறும் எச்சரிக்கை. அவ்வெல்லையைக் கடக்கத் திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவக் குடும்பத்திற்கு ஓராண்டு வேண்டியதில்லை. டிசம்பரின் கடைசிப் பத்து நாட்களே தாராளம்.

‘மன அழுத்தம்’ என்பது நூல்களில் வழங்கும் சொல். வீட்டில் வழங்குவது ‘டென்ஷன்’. ஆய்வு வசதிக்காக இதனை மூவகையாகப் பகுக்கலாம். உடம்பை வருத்துவது பணி அழுத்தம். ஊர் வந்து சேரும்வரை உள்ளத்தை வருத்துவது பயண அழுத்தம். இவ்விரண்டையும் தாங்கிக்கொண்டவரையும் வீழ்த்திவிடுவது பார்வை அழுத்தம். பார்வை அழுத்தமாவது, ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற வினாவிலிருந்து பிறப்பது. அந்த நால்வர் யாவர் என்பது இதுவரை எந்த ஆய்வாலும் நிறுவப்படவில்லை எனினும், அவர்களுள் இருவரேனும் அதே வீட்டில் உண்டு உறங்குபவர்கள் என்று கருத இடமுண்டு.

பயண அழுத்தம் அக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறது. ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டதால், டிசம்பர் 24 அன்று சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற விரும்பும் குடும்பம், அக்டோபர் 25 காலை எட்டு மணிக்குக் கைப்பேசியும் கையுமாக அமர வேண்டியிருக்கிறது. எட்டு மணிக்குத் திறக்கும் கதவு, கடவுச்சொல் நினைவுக்கு வருவதற்குள் காத்திருப்போர் பட்டியலாக மாறிவிட, எஞ்சிய இரண்டு மாதங்களும் ‘எத்தனை இறங்கியிருக்கிறது’ என்று நாள்தோறும் பார்ப்பதில் கழிகின்றன. திருச்சபை நாட்காட்டியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காலத்திற்குத் திருவருகைக் காலம் என்று பெயர். அமைதியாகக் காத்திருப்பதே அதன் நோக்கம். காத்திருத்தலைப் பொறுத்தவரை ரயில்வே, திருச்சபையைவிட ஒரு மாதம் முன்னதாகவே பயிற்சியைத் தொடங்கிவிடுகிறது.

பணி அழுத்தத்தின் தலைமையகம் அடுக்களை. அங்கு உருவாகும் பலகாரங்களுள், பெயரில் முந்திரி இருந்தும் உள்ளே பாசிப்பயறும் கருப்பட்டியுமே கொண்ட முந்திரிக்கொத்து, எதிர்பார்ப்புகளைக் குறைத்துக்கொள்ளும் கலையை இளம் பருவத்திலேயே கற்பிக்கிறது. பொறுமையைச் சோதிப்பதோ அச்சு முறுக்கு. நீண்ட கம்பியின் நுனியில் பூ வடிவில் அமைந்த அச்சை எண்ணெயில் நன்கு காயவைத்து, மாவில் அதன் மேல் விளிம்பு மூழ்காதவாறு தோய்த்து, மீண்டும் எண்ணெயில் அமிழ்த்தி இலேசாக உதற வேண்டும். அச்சு காயாவிட்டால் மாவு பிடிக்காது. அளவுமீறிக் காய்ந்தால் தோய்க்கும்போதே சுரீரென்று வெந்து மாவுச் சட்டியிலேயே கழன்று விழும். விளிம்பு மூழ்கிவிட்டாலோ, முறுக்கு அச்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விட மறுக்கும். முதல் நான்கு முறுக்குகள் எந்த வீட்டிலும் உருப்படியாக வந்ததில்லை. அந்நான்கும் வெளிவரும் வேளையில்தான் மைனி (அண்ணன் மனைவியை நெல்லையில் இவ்வாறு அழைப்பர்) அடுக்களை வாசலில் வந்து நின்று, ‘எங்க அம்மை மாவில ஒரு முட்டை கூட ஊத்துவாவ’ என்று பொதுவாகச் சொல்லிவைப்பார். முன்னர்க் கண்ட 29 புள்ளி இவ்விடத்தில் பதிவாகிறது.

பலகாரம் உருவானபின் அது உண்ணப்படும் என்று கருதுவது பட்டறிவு இல்லாதோர் கூற்று. அதன் முதற்பயன் கணக்குத் தீர்த்தல். தீபாவளிக்கு அண்டை வீடுகளிலிருந்து வந்த தட்டுகள், வெறுமையாகத் திரும்பக் கூடாது என்ற மரபின்படி ஒரு கைப்பிடிச் சீனியுடன் அப்போதே திருப்பப்பட்டிருந்தாலும், அவை ஏற்றிவைத்த கடன் டிசம்பர் வரை நிலுவையில் நிற்கும். எதிர்வீட்டிலிருந்து ஆறு வகை வந்திருக்க, இங்கிருந்து நான்கு வகை போனால் அது வெறும் எண்ணிக்கைக் குறைவாகக் கொள்ளப்படுவதில்லை. எதிர்வீட்டு அம்மாளும் இதே கணக்கால் தீபாவளிக்கு முன் மூன்று இரவுகள் உறங்கவில்லை என்பது இரு வீட்டாருக்கும் தெரியாது. தெரிந்தால் இருவரும் வாழைப்பழத்தை மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடக்கூடும்.

உறக்கத்திற்குரிய 16 புள்ளியை ஈட்டித் தருவது கேரல் ரவுண்ட்ஸ். சபையின் வாலிபர் குழு டிசம்பர் இரவுகளில் வீடுவீடாகச் சென்று பாடி, ஜெபித்து, காணிக்கை பெற்றுத் திரும்பும் வழக்கம் இது. ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லப்பட்ட குழுவுக்காக, வீட்டார் இஸ்திரி போட்ட உடையில், காணிக்கை உறையும் ஒரு குண்டான் தேநீருமாகக் காத்திருப்பர். பதினொன்றுக்குத் தேநீர் இரண்டாம் முறை சூடாக்கப்படும். பன்னிரண்டுக்கு, ‘இனி வரமாட்டார்கள்’ என்று குடும்பத் தலைவர் தீர்ப்பளிக்க, அனைவரும் உடைமாற்றிப் படுப்பர். பன்னிரண்டே காலுக்குத் தெருமுனையில் டிரம் ஒலிக்கும். பஞ்சுத் தாடியும் முகமூடியும் அணிந்த கிறிஸ்துமஸ் தாத்தா, உறங்கும் குழந்தையை எழுப்பி மிட்டாய் கொடுக்க, அக்குழந்தை அலறும் அலறல் பாடலின் கடைசிச் சரணத்தை விழுங்கிவிடும்.

இவ்வழுத்தங்களைக் குறைக்க மனிதகுலம் முயலாமல் இல்லை. 1843ஆம் ஆண்டில் லண்டனில் வாழ்ந்த ஹென்றி கோல், வாழ்த்துக் கடிதங்களைத் தனித்தனியே எழுத நேரமில்லாமல், ஓவியர் ஜான் ஹார்ஸ்லியைக் கொண்டு அட்டை ஒன்றை வரையச் செய்து அச்சிட்டார். முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை என்று போற்றப்படுவது அதுவே. வேலையைக் குறைக்கப் பிறந்த அவ்வட்டை, அடுத்த நூற்றாண்டில் முகவரி தேடுதல், தபால்தலை ஒட்டுதல், அனுப்பாதவர் யாரெனக் கணக்கெடுத்தல் என்னும் மூன்று புதிய வேலைகளை ஈன்றது. அவற்றைக் குறைக்க வந்த வாட்ஸ்அப்போ, ‘நீல டிக் விழுந்தும் பதில் இல்லை’ என்ற நான்காம் வேலையைச் சேர்த்தது. பலகாரத்தைக் கடையில் வாங்கும் சீர்திருத்தமும் இவ்வகையதே; கடைப் பெட்டியிலிருந்து வீட்டு டப்பாவுக்கு மாற்றி, பெட்டியை யார் கண்ணிலும் படாமல் அப்புறப்படுத்தும் பாட்டிற்கு, மாவையே பிசைந்திருக்கலாம்.

பொறுப்பைப் பகிர்ந்தால் பாரம் குறையும் என்பது உளவியலார் கூறும் நெறி. இக்கட்டுரையாசிரியரின் இல்லத்தில் அந்நெறி சில ஆண்டுகளுக்குமுன் சோதிக்கப்பட்டது. நட்சத்திரம் கட்டும் பொறுப்பை ஏற்ற கட்டுரையாசிரியர், ஏணி பிடிக்க ஒருவர், வயர் நீட்ட ஒருவர், ‘இடப்பக்கம் சாய்கிறது’ என்று தெருவில் நின்று சொல்ல ஒருவர் என மூவரைப் பணியமர்த்தி, இரண்டு மணி நேரம் உழைத்து, பல்பு எரியவில்லை என்று கண்டறிந்தார். இதனால் அவர்தம் துணைவியாருக்கு மிச்சமான நேரம் ஏதுமில்லை. ஏணி பிடித்தவர் அவரே. மேலும், பகிரப்பட்டது செயல் மட்டுமே. இன்ன நாளில் தையற்காரரிடம் போக வேண்டும், முந்திரி தீர்ந்துவிட்டது, சித்தப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்பவற்றை நினைவில் வைத்திருக்கும் வேலை, யார் கண்ணுக்கும் தெரியாததால், யாராலும் பகிரப்படாமல் இருந்த இடத்திலேயே இருந்தது.

அச்சோதனையில் இன்னோர் உண்மையும் புலப்பட்டது. வேலையைக் கொடுப்பதோடு, அது எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையையும் கொடுத்தாலன்றிப் பாரம் இறங்குவதில்லை. பிறர் மடித்த துணியை எடுத்து மீண்டும் மடிப்பவருக்கு வேலை இரட்டிக்கிறது. மடித்தவருக்கு அடுத்த ஆண்டு ஆர்வம் பாதியாகிறது. நாலு பேருக்கு அஞ்சுகிறோம் என்று கூறிக்கொள்ளும் பலர், தாமே பிற வீடுகளுக்கு அந்த நாலு பேருள் ஒருவர் என்பதையும் இங்குக் குறித்தல் வேண்டும்.

சென்ற ஆண்டு அவ்வில்லத்தில் குடில், அதாவது இயேசு பிறந்த தொழுவத்தின் சிற்றுரு, எட்டு வயதுச் சிறுவனிடம் முழுமையாக ஒப்படைக்கப்பட்டது. பழைய பொம்மைகளுள் ஒட்டகம் காணாமற்போயிருந்ததால், அவன் மூன்று ஞானியருக்கும் ஒரு மஞ்சள் ஆட்டோவை ஏற்பாடு செய்திருந்தான். ஆடு தொழுவத்தைவிட உயரமாக இருந்ததால் அதைக் கூரைமேல் ஏற்றியிருந்தான். அதிகாலை ஆராதனைக்கு எழ வேண்டிய இரவில், பதினொரு மணிக்கு அவ்வழியே வந்த துணைவியார் ஆட்டோவை நோக்கிக் கை நீட்டினார், சற்று நின்றார், பின், கூரையிலிருந்து விழும் நிலையிலிருந்த ஆட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டு, விளக்கை அணைத்துப் படுக்கச் சென்றார். அவ்விரவு அவருக்கு எத்தனை புள்ளி குறைந்தது என்பதை அளக்கும் வரி அந்த 43இல் இல்லை.