மொட்டைக் கத்தி

வா மாப்ளே, உக்காரு. கயித்துக் கட்டிலு பெங்களூரு பேண்ட்டையும் தாங்கும், பயப்படாதே. எங்கே, அந்தக் கத்தியைக் காட்டு. ஒங்கம்மா போன்ல ஒரே பொலம்பல். "மூவாயிரம் ரூவாய்க்குக் கத்தி வாங்கியிருக்கான் அண்ணே, நீயாச்சும் ஒரு வார்த்தை கேளு"ன்னா. கேக்கறதுக்கு என்ன இருக்குது, இது படிக்கிற சாமானாவுல்ல இருக்குது! அந்த மூக்குக் கண்ணாடியை எடு.

அலகுல இந்தப் பக்கம் கம்பேனி பேரு. அந்தப் பக்கம் எந்த ரக இரும்புன்னு ஒரு நம்பரு. நம்பருக்குக் கீழே ஒரு மண்டையோடு. கைப்பிடியில கழுகு. இடுப்புல சொருவற கிளிப்புல மறுபடியும் கம்பேனி பேரு, அலகுல படிக்காம விட்டவனுக்காக வச்சிருப்பான்போல. இது என்ன, முதுகுல இங்கிலீசு? "உயிர் பிழைக்க"வா? கெங்கவல்லியில எதுகிட்டேருந்து மாப்ளே உயிர் பிழைக்கணும்? சுவேத நதியில வெள்ளம் வந்து அடிச்சுக்கிட்டுப் போயிடுமா? முழங்கா நனையத் தண்ணி வந்தாலே இங்க ஊரே வேடிக்கை பாக்கக் கெளம்பிடுது.

இந்தா மாங்கா. வெட்டு.

ம்... வெட்டுது, வெட்டலைன்னு சொல்லமாட்டேன். அஞ்சு பத்தை போட்டியே, இப்ப அலகைப் பாரு. கம்பேனி பேருல ஒவ்வொரு எழுத்துக்குள்ளயும் மாங்காப் பாலு போய் உக்காந்துக்கிச்சு. மண்டையோட்டுக்குக் கண்ணு ரெண்டும் நெறைஞ்சு உசுரே வந்துட்டாப்ல இருக்குது. இப்ப தொடை. துணி மேலாக்கத்தான் போவும், கீறலுக்குள்ள போவாது. கீறல்ல ஈரம் நிக்கும். ஈரம் நின்ன எடத்துலதான் துரு மொதல்ல குடி வரும். துரு புடிக்காத இரும்புன்னு அந்த நம்பரு சொல்லுதா? மாப்ளே, கொஞ்சமாப் புடிக்கிற இரும்புதான் உண்டு, புடிக்கவே புடிக்காத இரும்பு கெடையாது. ஆளைப் பாத்தா அழகு, வேலையைப் பாத்தா எழவுன்னு கெழவிங்க சும்மாவா சொன்னாங்க.

இப்ப என் கத்தியைப் பாரு. மடியிலேருந்து எடுக்கறப்பவே தெரியும், சத்தம் போடாத சாமானு. கொம்புக் கைப்பிடி, ரெண்டே ஆணி. அலகு நாவப்பழக் கலர்ல கருத்துக் கெடக்குதா? அது அழுக்கில்ல. கார்பன் இரும்புல மாங்காயும் பாக்கும் பட்டுப்பட்டு ஏறுன கறை, துருவுக்கு அது ஒரு மாதிரி வேலி. அஞ்சாறு நாளைக்கு ஒருக்கா வெரல் நுனியால வெளக்கெண்ணெய் தடவுறதோட சரி. எழுத்தில்ல, படமில்ல, நம்பரில்ல. அலகைத் தெறக்க நகம் வைக்கிற அந்தப் பள்ளம் ஒன்னுதான் அதுல குறி. எங்க வாங்கினேனா? அது கெடக்குது, வந்து ரொம்ப வருசம் ஆச்சு.

மொட்டைக் கத்தியா இருக்குதேன்னு சிரிக்கிறியா? மொட்டைக் கடுதாசின்னா பேரில்லாதது. மொட்டைக் கத்தின்னா கூரில்லாதது. ஒன் கத்தியில பேரிருக்குது, என் கத்தியில கூரிருக்குது. எது மொட்டைன்னு நீயே தீர்ப்புச் சொல்லு, நீதான படிச்சவன்.

கத்தி வாங்கறது வீரகனூர் சந்தையில மாடு புடிக்கிற மாதிரி. கொம்புல வர்ணம் பூசியிருக்குதான்னா பாக்கறோம்? பல்லைப் புடிச்சுப் பாக்கறோம், சுழி பாக்கறோம், நாலு எட்டு நடக்கவிட்டுப் பாக்கறோம். அப்படித்தான் கத்தியும். அலகைத் தெறந்து நுனியைப் புடிச்சு இப்படி அப்படி ஆட்டு. ஆணிகிட்ட ஆட்டம் இருந்தா, அது கத்தியில்ல, கதவு. மூடறப்ப "டக்"னு ஒரே சொல்லா முடியணும். ரெண்டு தடவை யோசிச்சு மூடுனா ஸ்பிரிங்குல சோம்பல் இருக்குதுன்னு அர்த்தம். வெளிச்சத்துக்கு நேராப் புடி. அலகோட முதுகுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவுல வெயிலு எட்டிப் பாக்கக்கூடாது. மூடுன கத்தியில அலகு ரெண்டு பக்கமும் இடிக்காம நடுவுல படுக்கணும். கடைசியா கூரை நகத்து மேல சும்மா வச்சுப் பாரு, அழுத்தாதே. வழுக்காம நின்னா நல்லாத் தீட்டுனது. இத்தனையும் செய்யக் கடைக்காரன் விடறானா? அதுக்குத்தான் மண்டையோடு. நீ அதைப் பாத்து வாயைப் பொளக்கறப்ப ஆணி ஆடறது ஒனக்குத் தெரியாது.

நம்ம பஸ்ஸ்டாண்டுல காதுகுத்துக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறானே, பாத்திருக்கியா? காது குத்தற கொழந்தை மூலையில ஸ்டாம்பு சைசுல இருக்கும். பத்து மாமன், பதினஞ்சு சித்தப்பன், எல்லாரும் கூலிங் கிளாசோட நடுவுல நிப்பானுவ. ஒன் கத்தியும் ஃபிளெக்சுதான் மாப்ளே. அதுல கூரு எங்கன்னு தேடணும். அதைவிட ஒன்னு, ஃபிளெக்சு வைக்கிறவன் அவன் காசுல வைக்கிறான். நீ ஒங்காசைக் கொடுத்து அவன் ஃபிளெக்சைப் பாக்கெட்ல தூக்கிக்கிட்டுத் திரியற.

பேரில்லாட்டி யாரு செஞ்சதுன்னு எப்படித் தெரியும்ங்கறியா? நல்ல கேள்வி, ஒங்கம்மா மூளை. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரு டீக்கடையில சொல்லுவாரு, வேணும்னா நீயும் போன்ல தட்டிப் பாரு. பிரான்சுல 1565-லயே ராசா உத்தரவு போட்டானாம், கத்தி செய்யிறவன் ஒவ்வொருத்தனும் அவனவன் குறியைப் போட்டாகணும்னு. சீமையில ஷெஃபீல்டுன்னு ஒரு ஊரு, 1624-லேருந்து அங்கயும் கத்திக்காரனுவளுக்கு ஒரு சங்கம், அதுல குறியைப் பதிஞ்சாத்தான் தொழிலு. ஏன்? மட்டக் கத்தி வித்தவனைத் தேடிப் புடிக்க. நல்லாக் கவனி, அது பெருமைக்குப் போட்ட குறியில்ல, மாட்டிக்கறதுக்குப் போட்ட குறி.

அதனால குறியே ஆகாதுன்னு நான் அடம் புடிக்கலை. பிரான்சு மலைநாட்டுல ஒப்பினேல்னு ஒரு மரக்கைப்பிடிக் கத்தி, குடியானவனுக்குன்னு 1890-ல ஆரம்பிச்சது. 1909-லேருந்து அதுல ஒரு கை, கை மேல ஒரு கிரீடம், அவ்வளவுதான் அடையாளம். சுவிஸ் பட்டாளத்துக்குக் கத்தி கொடுத்தாரே கார்ல் எல்ஸ்னரு, அவரு கம்பேனியும் அதே 1909-லதான் சிலுவைக் குறியைப் புடிச்சுது. அதைச் செவப்புக் கைப்பிடியில பதிச்சாங்க, பழம் வெட்டற எடத்துல இல்ல. அலகோட கழுத்துகிட்ட எறும்பு சைசுல ஒரு முத்திரை இருந்தா, அது கொல்லன் கொடுத்த வாக்கு. வயித்துல அரைச்சாண் நீளத்துக்கு எழுதியிருந்தா அது நோட்டீசு.

பேருன்னதும் ஒன்னு ஞாபகம் வருது. நம்ம சேலத்து இரும்புக்கும் அந்த ஷெஃபீல்டுக்கும் ஒரு வழக்கு உண்டு. ஹீத்துன்னு ஒரு வெள்ளைக்காரன், ஜோசையா மார்ஷல் ஹீத்து, கும்பினி உத்தியோகத்துக்கு மெட்ராஸ் பக்கம் வந்தவன். கஞ்சமலையில ஆதிகாலத்துலேருந்து நம்மாளுங்க மண்ணு ஒலையில இரும்பு காச்சறதைப் பாத்தான். அசந்து போயிட்டான். உத்தியோகத்தை விட்டுட்டு 1830 வாக்குல பரங்கிப்பேட்டையில பெரிய ஒலை போட்டான். சேலத்துக் கல்லு அங்க போச்சு. பரங்கிப்பேட்டை எங்க இருக்குதுன்னு தெரியுமில்ல? இந்தச் சுவேத நதி வசிஷ்ட நதியோட சேந்து வெள்ளாறாகிக் கடல்ல விழுவற எடம் மாப்ளே! நீ சின்னப் பையனா இந்த ஆத்துல காயிதக் கப்பல் விட்டியே, தண்ணி மட்டும் இருந்திருந்தா நேரா அங்கதான் போயிருக்கும்.

கம்பேனி நொடிஞ்சுது. அது வேற கதை. ஆனா ஹீத்து ஊருக்குத் திரும்பி ஷெஃபீல்டுல ஒரு காரியம் பண்ணான். இரும்பைக் காச்சறப்ப கொஞ்சம் மாங்கனீசு சேத்தா எஃகு சொன்னபடி கேக்கும், கத்தி அலகை மட்ட இரும்புக் காம்போட ஒட்டவச்சு அடிக்கலாம்னு கண்டுபுடிச்சு 1839-ல பேட்டண்டு வாங்கினான். சட்டப்படி பேரைப் பதிஞ்சவன் மாப்ளே, நம்மளை மாதிரி அசால்ட்டா விட்டவனில்ல. என்ன ஆச்சு? அந்த ஊருக் கத்திக்காரனுவ அவன் முறையை லேசா மாத்திக்கிட்டு ஓசியில ஓட்டுனானுவ. கேசு வருசக்கணக்கா இழுத்துது, முடியறதுக்குள்ள மனுசன் போய்ச் சேந்துட்டான். அவனுவ கத்தியில எல்லாம் அவனவன் பேரு பளபளன்னு நின்னுது. ஹீத்து பேரு ஒன்னுத்துலயும் இல்ல. கஞ்சமலை பேரைக் கேக்கவே வேண்டாம். அலகுல எழுதியிருக்கறதை மட்டும் படிச்சா யாரு வேலையின்னு தெரிஞ்சுடும்னு சொன்னியே, இப்பச் சொல்லு.

இந்தா பக்கத்துல தம்மம்பட்டி. மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்குன ஊரு. ஆறடிச் சாமியை மாசக்கணக்கா உக்காந்து செதுக்கறாங்க. எந்தச் சாமி நெஞ்சுலயாவது "செதுக்கியவர் இன்னார், செல் நம்பர்"னு பாத்திருக்கியா? ஆனா விவரம் தெரிஞ்சவன் அந்த விரலையும் நகத்தையும் பாத்து இது இன்னாரு உளின்னு சொல்லிடுவான்.

எல்லாத்துக்கும் மொட்டையா இருக்கச் சொல்லலை. சேலம் உருக்காலையில காசுக்கு வில்லை அடிக்கிறாங்களே, வழவழன்னு நெலா மாதிரி இருக்கும். அதுல சிங்கம் விழுந்தாத்தான் டீ கெடைக்கும். முனியப்பனுக்கு நேந்துக்கிட்டு வைக்கிற ஆளுசர அருவாளா, தாராளமா உபயம்னு போட்டு மூணு தலைமொறை பேரையும் வெட்டு, அது எதையும் அறுக்கப் போறதில்ல. வடக்க ராம்பூர்ல மடக்குக் கத்திக்குப் பேரெடுத்த ஊருன்னு 20 அடிக்கு ஒரு கத்தியை 2023-ல முச்சந்தியிலேயே நட்டுட்டாங்க. அதுல மண்டையோடென்ன, மகாபாரதமே எழுதலாம். ஒங்கம்மா சீரு கொண்டுபோன எவர்சில்வரு அண்டாவுல நாந்தான் பக்கத்துல நின்னு பேரு வெட்டவச்சேன். கிர்ர்ர்னு அந்த மிசினு சத்தம் இன்னும் காதுல கேக்குது. அண்டா ஊரு சுத்தற சாமான். ஒரு கல்யாணத்துக்குப் போச்சுன்னா நாலு வீடு தங்கித்தான் திரும்பும், அதுக்குப் பேரு வேணும். கத்தி மடியிலயே கெடக்கற சாமான். அதுக்கு எதுக்குப் பேரு?

என்ன, என் கத்தியை அப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கற? புடிச்சுப் போச்சா?

என்னது? ஒங்கப்பாரு சொல்லியிருக்காரா? எப்ப? ஒன் காதுகுத்து அன்னிக்கா... நீ எம்மடியில உக்காந்து ஊரைக் கூட்டுன அன்னிக்கி, பாக்குப் பொளக்கறதுக்கு மச்சான்கிட்ட நான் வாங்கின கத்தியா இது? கொம்புக் கைப்பிடி, ரெண்டு ஆணின்னு அடையாளம் வேற சொன்னாரா?

இருக்கட்டும் மாப்ளே. பெரிய மனுசன் வார்த்தையை நான் தட்டமாட்டேன். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, வெயிலுக்கு நேராப் புடிச்சு நீயே நல்லாத் தேடு. அதுல எங்கயாவது ஒங்கப்பாரு பேரு இருக்குதா, காட்டு. இல்லையில்ல? சரி, இப்படிக் கொடு. மாங்காயில இன்னும் ரெண்டு பத்தை பாக்கி இருக்குது.