வயிற்றைக் காலியா வச்சுக்குங்க!

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்திபெலே டோல்கேட்டில் ஊர்ந்து போகும் கார்களில் ஏதாவது ஒன்றில் அவர் இருப்பார். முன் சீட்டு, கழுத்தில் கேமரா, மடியில் நோட்டுப் புத்தகம். பெங்களூரிலிருந்து ஆம்பூருக்குச் சுமார் 150 கிலோமீட்டர், பிரியாணி தேடிப் போகிறார். பின் சீட்டில் முகம் வாடிக் கிடப்பவர்கள் அவரை நம்பி வந்த நண்பர்கள். "வயித்தைக் காலியா வச்சுக்குங்க" என்று முந்தின நாள் ராத்திரியே உத்தரவு போயிருக்கும்.

உணவு எழுத்தாளர் என்பது அவருக்கு அவரே கொடுத்துக்கொண்ட உத்தியோகம். சாப்பாட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார், பக்கம் பக்கமாக எழுதுவார். கூடப் போகிறவர்களுக்குச் சாப்பாடு கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

சர்ஜாபூர் ரோடு வந்து சேரும் இடத்தில் லாரிகள் வழிமறித்து நிற்கின்றன. ஓரத்துக் கடையில் தட்டு இட்லியை இறக்குகிறார்கள். மேலே வைத்த வெண்ணெய் உருகி, ஓரமாக வழிந்து, சட்னியில் போய்ச் சேருகிறது. "ஒண்ணே ஒண்ணு..." என்று பின் சீட்டில் ஒரு குரல் ஈனஸ்வரத்தில் எழும்புகிறது.

"இட்லியா? நாக்கு செத்துடும் சார்!"

வண்டி நகர்கிறது. அவர் பாடம் நடத்தத் தொடங்குகிறார். இந்தக் கர்நாடக-தமிழ்நாடு எல்லையில் மற்றவர்களுக்குப் பலகையில் எழுத்து மாறும். அவருக்குப் பிரியாணியின் நிறம் மாறும். இந்தப் பக்கம் மிலிட்டரி ஹோட்டல்களின் தொன்னை பிரியாணி: புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய் அரைத்துப் போட்டது. அந்தப் பக்கம் ஆம்பூர்: காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, மூடிமேல் கங்கு போட்ட தம், தொட்டுக்கொள்ள கத்திரிக்காய். இரண்டுக்கும் அரிசி சீரகச் சம்பாதான். பாஸ்மதி என்று யாராவது சொன்னால், "அது அரிசி இல்லீங்க, செண்ட்டு" என்பார். சும்மா சொல்லக்கூடாது, விஷயம் தெரிந்தவர். பர்கரைப் பற்றிக் கேட்டால் மட்டும், "1996-ல டெல்லிக்கு மெக்டொனால்ட்ஸ் வந்தப்பவே நான் கையைக் கழுவிட்டேன்" என்று கதவைச் சாத்திவிடுவார்.

கடையைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கென்று ஒரு சாத்திரம் உண்டு. பெயர்ப் பலகை இருந்தால் ஆகாது. கார் நிறுத்த இடம் இருந்தால் சந்தேகம். முதலாளி சிரித்தபடி "வாங்க சார்" என்றால் சுத்தமாக ஆகாது. மாஸ்டர் எரிந்து விழவேண்டும், பெஞ்சு ஆட வேண்டும், வழி கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியக் கூடாது. ஆம்பூரில் 1890-இலிருந்து நடக்கும் ஸ்டார் பிரியாணியையே, "அதான் எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே" என்று தள்ளிவிடுவார். ருசியா இருக்கிறதே என்று யாராவது வாய் திறந்தால், பரிதாபமாக ஒரு பார்வை.

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று ஊர்கள் கழிகின்றன. பின் சீட்டில் பேச்சு நின்று வெகுநேரமாகிறது. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு, ஆம்பூரில் மூன்று சந்து திரும்பி, அவர் மனசுக்குப் பிடித்தபடி ஒரு கடுகடுத்த மாஸ்டர் அகப்படுகிறார். வாழை இலையில் பிரியாணி வருகிறது; ஆவி பறக்கிறது. நண்பர்களின் கை இறங்குகிறது.

"தொடாதீங்க! வெளிச்சம் சரியில்லை."

இலை ஜன்னலோரம் போகிறது. அங்கிருந்து வாசலுக்கு. கறித்துண்டு திரும்பிப் படுக்கிறது. ஒரு பருக்கையை விரல் நுனியில் எடுத்து, நசுக்கி, முகர்ந்து, கண்ணை மூடுகிறார். இலைகள் ஆறிக்கொண்டிருக்கின்றன. கண் திறந்ததும் தீர்ப்பு வருகிறது:

"பரவாயில்லை. ஆனா வாணியம்பாடியில ஒரு பாய் வீட்டு வாசல்லயே போடறாராம். இப்பவே கிளம்பினாப் பிடிச்சுடலாம்."

மூலையில் உட்கார்ந்து இரண்டாவது பிளேட்டை முடித்துக்கொண்டிருந்த டிரைவர், தலையைத் தூக்காமலே சொன்னார்: "சார் முன்னாடி பஸ்ல போகட்டும். நீங்க உக்காந்து சாப்பிடுங்க."