காலுக்குத் தெரிந்த பாதை

கேள்வி: எங்கெங்கோ ஓடிப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஈப்போ போலோ திடலுக்கே வந்துவிட்டேன். அதே மரம், அதே வளைவு. ஆனாலும் மனசுக்கு இதமாக இருக்கிறது. எனக்கு வயதாகிவிட்டதா?
– ஒரு வாசகர், ஈப்போ

பதில்: வயது இல்லை ஐயா, பரம்பரை! பேராக் ரப்பர்த் தோட்டங்களில் நம் பாட்டிமார் விடியுமுன்னே பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தினமும் அதே நிரையில் நூற்றுக்கணக்கான பால்மரங்களைச் சுற்றி வந்தவர்கள். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். ஆகவே அது நடையில்லை, ஓட்டம்தான். எந்த வேர் தடுக்கும், எந்த மரம் பால் தராமல் ஏய்க்கும் என்பதெல்லாம் கண்ணைவிடக் காலுக்கு நன்றாகத் தெரியும். பதக்கம்தான் யாரும் தரவில்லை.

புதுப் பாதையில் மூளைக்கு ஓயாத வேலை: கல், குழி, திருப்பம், முக்கியமாக நாய். பழகிய பாதையில் கால் தன்பாட்டுக்கு ஓடும். மனசு வீட்டுக் கடனைக் கணக்குப் பார்க்கலாம். (நாய்க்கும் நீங்கள் பழகியிருப்பீர்கள்.)

பாட்டியின் நிரைக்குத் திரும்பலாம் என்றால், பல தோட்டங்களில் இப்போது செம்பனை நிற்கிறது. சிலவற்றில் வீடமைப்புத் திட்டம். உங்கள் திடலாவது அப்படியே இருக்கிறதே!

சுற்றிச் சுற்றி ஓடுவதை இளக்காரமாக நினைக்காதீர்கள். கோலகங்சாரில் பிறந்த டாக்டர் எம். ஜெகதீசன் ஓடிப் பழகியதும் நீள்வட்டத் தடத்தில்தான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்த மலேசியச் சாதனை 2017 வரை அசையவில்லை.