எம்-சீல் ஓனர்

"பாத்ரூம் கூரையில ஈரம் பரவுது சார்" என்று சொன்னால் மற்ற ஓனர்கள் பிளம்பரை அனுப்புவார்கள், இல்லையேல் போனை எடுக்கமாட்டார்கள். எங்கள் ஓனர் இரண்டும் செய்வதில்லை. அடுத்த நிமிடம் கையில் எம்-சீலோடு வாசலில் நிற்பார். கீழ்வீட்டிலேயே குடியிருப்பவர். வாடகை வீட்டுக்குள் ஓனர் நுழைய 24 மணி நேரம் முன்பே தகவல் தரவேண்டும் என்கிறது சட்டம். அவர் செருப்பைக் கழற்றும் சத்தம்தான் எங்களுக்கு நோட்டீஸ்.

ஸ்டூலில் ஏறி, தர்பூசணி வாங்குகிறவர்போல் கூரையை விரல் முட்டியால் தட்டிக் காதைச் சாய்ப்பார்.

"கசிவெல்லாம் இல்ல தம்பி. வெயில் காலம், கட்டடம் வேர்க்குது."

பிறகு எம்-சீலைப் பிசைந்து உருட்டி அப்புவார். குழாய், சிங்க், படிக்கட்டுக் கைப்பிடி, மீட்டர் பெட்டி எல்லாவற்றிலும் அவர் கட்டைவிரல் ரேகை உண்டு. போலீஸுக்கு என்றைக்காவது வேண்டியிருந்தால் சிரமமே இல்லை.

சட்டம் தெரியாதவர் என்று நினைத்துவிடக்கூடாது. 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். எந்தப் பழுது யார் தலையில் என்று பிரித்துச் சொல்வது அது. குழாய் வாஷர், சுவிட்சு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி என்று குடியிருப்பவர் பங்கு நீளமாகப் போகிறது. குளியல் தொட்டிகூட உண்டு. எங்கள் குளியலறையில் பக்கெட்டை வைத்தால் ஆள் வெளியே நிற்கவேண்டும். வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. அந்தப் பகுதி மட்டும் ஜெராக்ஸில் விழவில்லையாம்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது அதே சட்டம். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தாலொழிய என்றும் சேர்த்துக்கொள்கிறது. அவருக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். நாங்கள் கொடுத்தது பத்து மாதம். ஓனர் செய்ய மறுக்கும் ரிப்பேரை நாமே செய்து வாடகையில் கழிக்கலாமே என்று ஒருமுறை மெல்ல ஆரம்பித்தேன். "தாராளமா கழிங்க தம்பி. காலி பண்றப்ப அட்வான்ஸ்ல பார்த்துக்கலாம்" என்றார். அதன்பின் நான் எதையும் கழிக்கவில்லை.

போன ஐப்பசி மழையில் ஹால் கூரையிலிருந்து தாம்பாளம் அளவுக்குக் காரை பெயர்ந்து சோபாவில் விழுந்தது. நல்லவேளை, சீரியல் முடிந்து எல்லோரும் எழுந்துவிட்டிருந்தோம். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பல்லிளித்தது. இந்த முறை நானும் தயாராக இருந்தேன். முழு அட்டவணையையும் பிரிண்ட் எடுத்துவைத்து முதல் வரியில் விரலை வைத்தேன்: கட்டட அமைப்பில் வரும் பழுது ஓனர் பொறுப்பு.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"குடியிருக்கிறவரால வந்த சேதம் நீங்கலாகன்னு போட்டிருக்கே தம்பி."

அண்ணாந்து பார்த்தார்.

"ஃபேனை அஞ்சுலயா வெச்சு ஓட்டறீங்க?"