அரைவாசித் தேற்றம்: ஒருகொடவத்தை முக்கோணச் சால்வையை முன்வைத்து

கொழும்பில் ஜனவரி விடியற்காலையில்கூட வெப்பநிலை 22 பாகையைச் சுற்றித்தான் நிற்கும். ஒருகொடவத்தைக்கு அதற்கு மேல் கொள்கலன் லொறிகளின் சூடும் கிடைக்கிறது. இவ்வூரில் சால்வை எதற்கு என்னும் வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. (ஸ்கார்பரோவில் உள்ள மகளுக்காம். போய்ச்சேரும்போது அங்கே கோடை வந்துவிடும் என்பது மாமாவின் மாற்றுக் கருத்து.) நாம் ஆராயப் புகுவது மாமியின் ஒரேயொரு வாக்கியத்தை: "பிள்ளை, அரைவாசி முடிஞ்சுது."

இது 30ஆம் வரியின் முடிவில் சொல்லப்பட்டது. மொத்தம் 60 வரி. கூற்றில் பிழையில்லை என்பர் கொளுக்கி பிடித்தறியாதோர்.

சால்வை கழுத்துப்பக்கம் 3 கண்ணியோடு தொடங்குகிறது. வரிக்கு 4 கண்ணி கூடும்: இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுமுதுகில் இரண்டு. ஆக இரண்டாம் வரி 7, மூன்றாம் வரி 11, அறுபதாம் வரி 239. முதல் 10 வரிகளையும் கூட்டினாலே 210தான் வரும். கடைசி வரி தனியாளாக அதைத் தாண்டிவிடுகிறது. முழுச் சால்வைக்கு 7,260 கண்ணி. மாமி அரைவாசி என்று அறிவித்தபோது போட்டிருந்தவை 1,830. அதாவது கால்வாசி. மெய்யான அரைவாசி 43ஆம் வரியில் மூன்றிலொரு பங்கு போனபின் வருகிறது. அந்த நேரம் மாமி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். வரலாற்றுத் தருணம் கவனிப்பாரின்றிக் கழிந்தது.

புடைப்பு வேலையையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஐந்து வரிக்கொருமுறை பொப்கோர்ன். ஒரே கண்ணிக்குள் ஐந்து ட்ரெபிள் போட்டு, கொளுக்கியைக் கழற்றி, முதல் ட்ரெபிளின் தலையில் குத்தி, விட்ட வளையத்தைப் பிடித்து உள்ளே இழுத்தால் மொட்டுப்போல் புடைத்து நிற்கும். பார்க்க அழகு. நூலையோ ஆடு குழை தின்பதுபோல் தின்னும்.

பெயர்ச் சிக்கல் தனி நூலுக்குரியது, சுருக்கமாகச் சொல்வேன். மாமி மடத்துச் சிஸ்டர்மாரிடம் ஆங்கிலேய முறையில் பழகியவர். அவருக்கு 'டபுள் குரோசே' குட்டைத் தையல். யூடியூப்பில் அமெரிக்கப் பெண் அதே பெயரால் சொல்வது நெட்டைத் தையல், ஆங்கிலேயரின் ட்ரெபிள். ஆங்கிலேயர் 1948இல் ஆட்சியைத் தந்துவிட்டுப் போனார்கள். தையற்பெயர்களை மாமியிடம் விட்டுப் போனார்கள். இதனால் 11 வரி பிரிக்கப்பட்டது.

இனி விளைவு. 30ஆம் வரிவரை இரண்டு பந்து பருத்தி நூல் செலவு. கூடையில் மிச்சம் இரண்டு. "காணும்" என்றார் மாமி. 42ஆம் வரியில் கூடை வெறுமை. புறக்கோட்டைக்கு ஓடி இன்னும் இரண்டு பந்து வாங்கினோம். அதே நீலம்தான் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணினார். சாயத் தொட்டி மாறினால் நீலமும் மாறும் என்பது வீட்டு வெளிச்சத்தில்தான் தெரிந்தது. அவையும் 52ஆம் வரியோடு சரி. மறுபடி பஸ், மறுபடி இரண்டு பந்து, மறுபடி வேறொரு நீலம்.

முடிந்த சால்வையை மாமி கட்டிலில் விரித்தார். மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இஞ்சரும், இதென்ன மூண்டு நீலம்?"

"டிசைன்," என்றார் மாமி.