காப்பி ஆற்றுதலில் கண்ணின் பங்கு: மயிலாப்பூரை முன்வைத்து ஓர் ஆய்வு

காப்பி ஆற்றுவது கையின் தொழில் என்பது முன்னோர் முடிபு. கண்ணின் தொழில் என நிறுவ முற்படுகிறது இக்கட்டுரை. ஆய்வுக்களம்: மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டி, பெயர்ப்பலகை மங்கிப்போன ஒரு காப்பிக் கடை. மாதிரி அளவு: ஒரு மாஸ்டர். நிதி நல்கை: என் சட்டைப்பை. ஆய்வுக் காலம்: எட்டு நாள், தினமும் காலை ஆறரை முதல் வீட்டிலிருந்து போன் வரும்வரை.

இத்துறையின் முன்னோடி ஆய்வு 1999இல் இங்கிலாந்தில் வெளியானது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்து மைக்கேல் லேண்டும் சகாக்களும் மூன்று பேர் தலையில் கருவி மாட்டி, தேநீர் போடச் சொல்லி, கண் போகும் இடத்தையெல்லாம் பதிவு செய்தார்கள். கை கெட்டிலை எட்டுவதற்கு அரை விநாடி முன்பே கண் அங்கே போய்விட்டிருந்தது. வேலைக்குச் சம்பந்தமில்லாத பொருள்களைக் கண் கிட்டத்தட்ட சீண்டவே இல்லை. நல்ல ஆய்வுதான். ஆனால் கோப்பையில் ஊற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிற பானத்தில் கண்ணுக்கு என்ன பெரிய சோதனை? ஆற்ற வேண்டாமா?

மாஸ்டரின் வலக்கை தலைக்கு மேலே, இடக்கை இடுப்போரம். நடுவில் ஒரு மீட்டர் காப்பி. அவ்வளவு தூரம் விழ சுமார் 0.45 விநாடி ஆகும். டபராவில் இப்போது விழுவது அரை விநாடிக்கு முன் எடுத்த முடிவு! தப்பைக் கண் கண்டு, மூளைக்குச் சொல்லி, மூளை கைக்குச் சொல்வதற்குள் காப்பி வேட்டியில் இருக்கும். ஆகவே விழப்போகும் இடத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும். இதில் கணக்கப்பிள்ளை, பிடரிக்கு மேலே குந்தியிருக்கும் சிறுமூளை. மாஸ்டரின் கண் டபராவின் வாயை விட்டு அசைவதில்லை. மேலே சாயும் டம்ளரை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்தக் கை எங்கே நிற்கிறது என்பதைத் தசைகளே மூளைக்குச் சொல்லிவிடுகின்றன.

கண் கையை நடத்துவது எப்படி என்பதற்கும் ஆய்வு உண்டு. பார்வை மூளைக்குள் இரண்டு பாதையாகப் பிரிகிறது என்று 1992இல் எழுதினார்கள் மெல்வின் குடேலும் டேவிட் மில்னரும். கீழ்ப்பாதைக்கு ‘இது என்ன’ என்ற கேள்வி. மேல்பாதைக்கு ‘இதை எப்படிப் பிடிப்பது’. அவர்கள் ஆராய்ந்த ஒரு பெண்மணிக்கு விஷவாயுவால் கீழ்ப்பாதை கெட்டிருந்தது. எதிரிலிருக்கும் பொருளின் வடிவத்தை அவரால் சொல்ல முடியாது. எடுக்கக் கை நீட்டினாலோ விரல்கள் பொருளின் அகலத்துக்குத் தக்கபடி விரியும்.

இதற்கு நேர்மாறான குறையும் மருத்துவ நூல்களில் உண்டு: பொருள் தெரியும், கை சேராது. ஒரு முழ உயரத்தில் ஒரே முறை ஆற்றிப் பார்த்த பிறகு வீட்டில் என்னை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

எட்டாம் நாள் கேட்டேவிட்டேன்: “மாஸ்டர், ஆத்தும்போது எங்க பாக்கறீங்க?”

“நானா?” என்று யோசித்தார். கை யோசிக்காமல் ஆற்றிக்கொண்டிருந்தது. அவர் யோசித்ததும் அதுவும் யோசித்துவிட்டது.

“அப்படியெல்லாம் கேக்காதீங்க சார், பாருங்க, சிந்திடுச்சு.”

கல்மேடையில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு கறை. எட்டு நாளில் சிக்கிய ஒரே தரவு. குறிப்பேட்டை நான் திறப்பதற்குள் பையன் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனான்.